கண்ணால் கேட்கும் வகுப்பு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள். கார், கார்க் கண்ணாடி, உதிரிபாகங்கள் எனப் பலவும் அங்கே உருவாகின்றன. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் எந்திரம் ஓடும் கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டால் செவி பழுதாகும் என்பதால் தொழிலாளர்கள் காதில் அடைப்பான் வைத்திருப்பார்கள். பிறகு எப்படிப் பேசிக்கொள்வது? ‘நிறுத்து’, ‘தூக்கு’, ‘இன்னும் கொஞ்சம்’ என்று கையால் சாடை காட்டுவார்கள்.

இது சைகைமொழி ஆகுமா? ஆகாது. ‘நேற்று மாலையே நீ வந்திருந்தால் இதை இன்று செய்திருக்க வேண்டாம்’ என்பதைச் சாடையால் சொல்லிப் பாருங்கள். முடியாது. சைகைமொழியில் இதைத் தடையின்றிச் சொல்லலாம். ஏனெனில் சாடைக்கு இலக்கணம் இல்லை, சைகைமொழிக்கு உண்டு.

இந்த உண்மையை அறிஞர் உலகம் ஏற்க வெகுகாலம் ஆயிற்று. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் ஆசிரியர் மாநாடு, சைகையை விட்டு உதட்டசைவாலும் பேச்சாலுமே பாடம் நடத்த வேண்டும் என்று தீர்மானித்தது. பல நாடுகளின் பள்ளிகளில் கைகள் கட்டப்பட்டன என்றே சொல்லலாம். 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாடுதான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளி, வருத்தமும் தெரிவித்தது. இடைப்பட்ட காலம் 130 ஆண்டுகள்!

உதட்டசைவைப் பார்த்தே படித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘படம்’ என்றும் ‘மடம்’ என்றும் சொல்லுங்கள். ‘பாலை’, ‘மாலை’ என்றும் சொல்லுங்கள். வேறுபாடு தெரிகிறதா? ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. ‘க’ என்பதோ தொண்டையை ஒட்டிப் பிறப்பதால் கண்ணுக்கு அகப்படுவதே அரிது. ஆகவே உதட்டைப் பார்ப்பவர் பாதியைப் பார்த்து, மீதியை ஊகித்துக்கொள்கிறார். தெரிந்த செய்தி என்றால் ஊகம் பலிக்கும். பாடமோ தெரியாத செய்தி!

1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, ஒவ்வொரு சைகையையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் எனச் சிறு கூறுகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவதுபோல இக்கூறுகள் சேர்ந்து சைகை ஆகின்றன. நம் நாட்டிலும் 1970-களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தனர். பேச்சுமொழிகள் வேறுவேறாக இருந்தும், சைகைகளில் பெரும்பகுதி உறவுடையவை என்று கண்டனர். மூளையும் இதற்குச் சாட்சி. பேசுவோரைப் போலவே, சைகைமொழியாளருக்கும் மூளையின் இடப்பாதியில் மொழிக்குரிய பகுதிகள் சேதமுற்றால் மொழி குலைகிறது. கை நன்றாகவே அசையும். சைகைதான் சரியாக வராது!

இந்தியச் சைகைமொழியின் இலக்கணத்தில் ஒன்று மட்டும் பாருங்கள். கேள்விச் சைகை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். மறுப்புச் சைகையும் அப்படியே. தமிழிலும் ‘விடாதே’ என்பதில் மறுப்பு கடைசியில்தானே இருக்கிறது? தொழிற்பயிற்சிக்கு வந்த காது கேளாத இளைஞர் ஒருவருக்கு ‘பிரஸ்ஸுக்குள் கையை விடாதே’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். மறுப்போடு தலையசைப்பும் முகக்குறிப்பும் சேர்ந்து வரும்தான். ஆனால் அவர் அதற்குள் எந்திரத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிவிட்டால்? ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் கண்ணைப் பிடிப்பார். வாக்கியம் முடியும்வரை விடமாட்டார்.

இனி வகுப்பறைக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளர் ஆசிரியருக்கு அருகில், கரும்பலகையும் தாமும் மாணவரின் ஒரே பார்வையில் விழும்படி நிற்பார். வெளிச்சம் அவர் முகத்தில் பட வேண்டும்; முதுகுக்குப் பின்னே சன்னல் இருக்கக்கூடாது. உடையில் பூவும் கட்டமும் இராது. கையின் நிறம் எடுப்பாகத் தெரியும் ஒரே நிற உடைதான். ஆசிரியர் சொன்ன கருத்து விளங்கும்வரை சில நொடிகள் பின்தங்கியே அவர் பெயர்ப்பார். முன் வாக்கியம் கையில் இருக்கும்போதே அடுத்த வாக்கியம் காதில் விழுந்துகொண்டிருக்கும். மூளைக்கு இது கடும் உழைப்பு. அதனால்தான் நீண்ட நிகழ்ச்சிகளில் இருவர் அமர்ந்து, சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். நம் பள்ளிகளில் அந்த வசதி அரிது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இயற்பியலில் ‘வேலை’ என்றால் என்ன? விசையையும் அதன் திசையில் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது. அலுவலகம் போகும் ‘வேலை’யின் சைகையை அங்கே காட்டினால், தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்பவர் செய்த வேலை சுழியம் என்பது மாணவருக்கு எப்படி விளங்கும்? விசை, ஆற்றல், திறன் மூன்றுக்கும் ‘பலம்’ என்ற ஒரே சைகை போட்டால் அந்தப் பாடமே பாழ். ‘செல்’ என்பதை உயிரணு என்று பெயர்ப்பதா, கைப்பேசி என்றா, போ என்றா? பாடம் தெரியாதவர் சைகைமொழியில் எவ்வளவு வல்லவராயினும் இங்கே தடுமாறுவார். எனவே நல்ல மொழிபெயர்ப்பாளர் முந்தைய நாளே பாடத்தைப் படித்துவிட்டு, சைகை இல்லாத சொல்லுக்கு மாணவரோடு பேசி ஒரு சைகையை முடிவு செய்துகொள்வார். அதுவரை விரல்களால் எழுத்துக்கூட்டிக் காட்டுவார்.

வேதியியல் ஆய்வகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரம்பார்த்தல் நடக்கிறது. அமிலத்தில் பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். “இப்போது பார், இளஞ்சிவப்பு!” என்கிறார் ஆசிரியர். நீங்கள் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் குடுவையைப் பார்ப்பீர்கள். காது கேளாத மாணவருக்கு இரண்டு வேலைக்கும் கண் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துவிட்டுக் குடுவைக்குத் திரும்புவதற்குள் நிறம் மாறி முடிந்திருக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆசிரியர் முதலில் சொல்லிவிட்டு, பத்து நொடி பொறுத்து, பிறகு குழாயைத் திறந்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளர் விடை சொல்லிக் கொடுக்கலாமா? கூடாது. மாணவர் தவறாகச் சொன்னால் தவறாகவே ஆசிரியரிடம் சேர்க்க வேண்டும். பின் வரிசைக் குறும்புப் பேச்சையும் பெயர்க்கத்தான் வேண்டும். மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் மட்டும் ஏன் விழிக்க வேண்டும்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களோடு ஒப்பிட்டால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மிகச் சொற்பம். 2015-இல் புதுடில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. பாடநூல்களைச் சைகைமொழிக் காணொளிகளாக்க 2020-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுவோடு ஒப்பந்தமும் ஆயிற்று. மேல்நிலைப் படிப்பு முடித்தவர்கள் சைகைமொழிபெயர்ப்புப் பட்டயத்தில் சேரலாம். அறிவியல் பிரிவில் படித்தவர்கள் இதற்கு வந்தால் பெரிதும் பயன் என்பது என் எண்ணம்.

உங்களால் முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். நண்பரை ஒரு கதைப் புத்தகத்தை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று நொடி பின்தங்கி, அதே கருத்தை உங்கள் சொந்தச் சொற்களில் உரக்கச் சொல்லிக்கொண்டே வாருங்கள். கேட்பதும் நிற்கக்கூடாது, சொல்வதும் நிற்கக்கூடாது. எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கதையை எடுத்து வைத்துவிட்டு இயற்பியல் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.