நம் சாலையும் மழைநீரும்

குளிர்நாடுகளில் சாலையில் உறைந்த பனியை உப்புத் தூவி உருக்குவர். நம் சிங்கப்பூரிலோ ஆண்டிறுதியில் சாலையை மறிப்பது வடகிழக்குப் பருவமழையே. 1978 டிசம்பர் 2ஆம் நாள் பாய லேபாரில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அவ்வெள்ளத்தில் எழுவர் மாண்டனர்.

நம் ஜாலான் புசார் தாழ்நிலம். பெருமழையும் கடல்நீர் ஏற்றமும் ஒருசேர வந்தால், ரோச்சோர் கால்வாய் நீர் வடிய வழியின்றித் தெருவில் ஏறும். அதனைத் தடுக்கவும் பொதுப் பயனீட்டுக் கழகம் மரினா அணைக்கட்டை எழுப்பியது. அது 2008இல் திறக்கப்பெற்றது. கடல்நீர் தாழும் வேளையில் அதன் 9 எஃகு மதகுகளின் வழியே மழைநீரைக் கடலில் விடுவர். கடல்நீர் ஏறியிருப்பின் மதகுகளைத் திறத்தல் இயலாது. அப்போது 7 பெரிய நீரேற்று இயந்திரங்கள் நீரை வெளியே தள்ளும்.

ஆனால், நீர் அணைவரை சென்றால்தானே இயந்திரத்துக்கு வேலை! கடைவாசல் வடிகாலை நெகிழிப் பைகள் அடைத்துக்கொண்டால், அது அங்கேயே தேங்கிவிடும்.