அரிசிப் பைக்கு அப்புறம்

சமூகத் தொண்டு என்றதும் நம் இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசிப் பைதான். தோட்டத்தில் அது சரியாகவே இருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியலைன்னா அடுத்த வீட்டுக்குத் தெரியும். அடுக்குமாடியில் கதவு சாத்தியே கிடக்கிறது. 2021 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வெள்ளைக் கொடி கட்டித்தான் பலர் தங்கள் பசியைச் சொன்னார்கள்.

பசி மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. நாங்கள் பொருள் கொடுக்கப் போன ஒரு வீட்டில் அந்த அம்மா கேட்டார்: "அரிசி இருக்கு தம்பி. பையனுக்கு 12 வயசாச்சு, ஐசி எடுக்க முடியல. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

இதற்குக் காரணம் பல வீடுகளில் ஒன்றுதான். கோவிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்ததாகிவிடும். குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தாய் வெளிநாட்டவராகவோ பத்திரமே இல்லாதவராகவோ இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை தவிக்கும். பிறகு போய்ப் பதிந்தாலும் சிக்கல் தானாகத் தீராது. ஐசி இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பதும் லைசென்ஸ் எடுப்பதும் எப்படி?

இங்கே நம் வேலையே மாறிவிடுகிறது. பாரம் நிரப்ப வேண்டும், பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேட வேண்டும், தேசியப் பதிவுத் துறைக்கு வேலை நாளில் லீவு போட்டுக் கூடவே போக வேண்டும். ஒரு தடவையில் முடியாது, வருடக்கணக்கில் இழுக்கும். படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது (அதனால்தான் ஆள் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!). அந்தப் பாரத்தில் ஒரு குடும்பத்தின் ரகசியமே இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பவே கூடாது. சட்டச் சிக்கல் என்று தெரிந்தால் நாமே யோசனை சொல்லாமல் வழக்கறிஞரிடம் அழைத்துப் போக வேண்டும்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். சில ஆலயங்களில் திருமண உதவிப் பதிவாளரே இருக்கிறார். தாலி கட்டும் முன் பதிவாகிவிட்டதா என்று கேட்க ஓர் இளைஞர் போதும். குழந்தை பிறந்தால், தீபகற்பத்தில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதையும் அவரே சொல்லலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வட்டாரக் கோவிலில் பதிவாளர் இருக்கிறாரா, இல்லையென்றால் எங்கே போய்ப் பதிகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்.