வரலாறு – தரம் 10, 11: நயினாதீவுத் தமிழ்ச் சாசனமும் உடைந்த கப்பல்களின் பொருளும்

மாணவர்களே, புயலில் உடைந்த கப்பலொன்று கரையொதுங்கினால் அதிலுள்ள பொருள் யாருக்குச் சொந்தம்? இடைக்காலத்தில் பல நாடுகளில் அக்கரையை ஆண்ட அரசனே அதனை எடுத்துக்கொண்டான். உயிர் தப்பிய வணிகன் வெறுங்கையுடன் நின்றான். இவ்வழக்கத்தை மட்டுப்படுத்திய அரச கட்டளையொன்று நம் நாட்டிலேயே தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இங்கு நோக்குவோம்.

சாசனம் பற்றிய விபரம்

• வெளியிட்டவன்: பொலனறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு (கி.பி. 1153 – 1186)
• காணப்படும் இடம்: நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில்
• மொழி: தமிழ்
• ஆராய்ந்து வெளியிட்டவர்: பேராசிரியர் கா. இந்திரபாலா (1963)

கட்டளைகள்

1. பிற நாட்டார் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும்.
2. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு.
3. வாணிபப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

உதாரணமாக, உடைந்த கப்பலிலிருந்து 40 குதிரைகள் மீட்கப்பட்டன எனக் கொள்வோம். அரசனுக்கு 10, வணிகனுக்கு 30. அதுவே 40 பொதி துணியாயின் ஆளுக்கு 20 பொதி.

ஏன் இந்த வேறுபாடு?

யானை, குதிரைகளில் தனக்கு விருப்பம் உண்டு என மன்னனே சாசனத்தில் கூறுகிறான். போருக்கு அவை தேவைப்பட்டன. நல்ல குதிரைகள் கடல் வழியாகவே இலங்கைக்கு வந்தன. நட்டத்துக்கு அஞ்சி வணிகர் வேறு துறைமுகங்களை நாடிவிடக் கூடாது என்பதே இச்சலுகையின் நோக்கம் எனலாம்.

ஏன் தமிழில்?

வடகரைத் துறைமுகங்களுக்கு வந்த வணிகருள் தமிழ் அறிந்தோர் பலர். கட்டளை அவர்களுக்கு விளங்க வேண்டும். கி.பி. 1409 ஆம் ஆண்டுக்குரிய காலி மும்மொழிச் சாசனத்திலும் சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழ் இடம்பெறுகிறது. அக்கல்லைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

ஒப்பிட்டு நோக்குக

• ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் கி.பி. 1244 அளவில் அபய சாசனம் வழங்கினான். முன்னைய அரசர் கரையொதுங்கிய கப்பல்களின் பொருள் முழுவதையும் பறித்தனர். தானோ உரிய தீர்வையை மட்டுமே பெறுவதாக அவன் அறிவித்தான்.
• இதற்கு மாறாக, பர்மிய மன்னன் இலங்கைத் தூதரின் பணத்தையும் யானைகளையும் கப்பல்களையும் கைப்பற்றினான் எனச் சூளவம்சம் கூறுகிறது. பராக்கிரமபாகு பர்மாவுக்குப் படை அனுப்பியமைக்கு அது காட்டும் காரணங்களுள் இதுவும் ஒன்று. கடலில் பொருள் பறிப்பது போருக்கே இட்டுச்செல்லலாம் என்பதை மனங்கொள்க.

கவனிக்க: நயினாதீவுக் கட்டளை பொருள் முழுவதையும் உடையவனுக்குக் கொடுக்கவில்லை. பாதி இழந்த வணிகனுக்கு அது நட்டமே. எனினும் அரசன் எடுக்கக்கூடிய பங்குக்கு அது எல்லை வகுத்தது. எவ்வளவு இழப்போம் என்பதை முன்கூட்டியே அறிந்த வணிகன் துணிந்து பாய் விரிக்கலாம். விடையில் "மன்னன் பொருளைத் திருப்பிக் கொடுத்தான்" என மொட்டையாக எழுதாது, பங்கு விகிதத்தைக் குறிப்பிடுக.

மாதிரி வினாக்கள்

1. நயினாதீவுச் சாசனத்தை வெளியிட்ட மன்னன் யார்?
2. அதில் கூறப்படும் இருவகைக் கப்பல்களுக்குமுரிய பங்கு விகிதங்களைத் தருக.
3. இச்சாசனம் வெளிநாட்டு வணிகத்தை எவ்வாறு ஊக்குவித்தது என்பதை இரு காரணங்கள் தந்து விளக்குக.

மூன்றாம் வினாவுக்கான குறிப்பு: பாதுகாப்பு உறுதி, இழப்புக்கு எல்லை வகுத்தமை ஆகிய இரண்டையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாசனத்திலிருந்து ஒரு சான்று தருக.