குழாய் திறந்தும் இரத்தம் பாயாதது ஏன்?

மாரடைப்பு வந்த ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனியில் இருந்த அடைப்பை மருத்துவர்கள் நீக்கிவிடுகிறார்கள். இனி ஆபத்து இல்லை என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், சிலருக்குத் தமனி திறந்த பிறகும் இதயத் தசையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போய்ச் சேர்வதில்லை. ஏன்?

பெரிய சாலையில் விழுந்த மரத்தை அகற்றினால் மட்டும் போதுமா? வீடுகளுக்குச் செல்லும் சந்துகளும் திறந்திருக்க வேண்டும் அல்லவா? இதயத்திலும் அப்படித்தான். தமனி கிளை கிளையாகப் பிரிந்து, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அளவுக்குக் குறுகிய நுண்குழாய்களாக முடிகிறது. இரத்தம் நெடுநேரம் தடைபட்டால் இவற்றின் சுவர்கள் வீங்கி, பாதை அடைபடும்.

1974இல் அமெரிக்காவில் ராபர்ட் குளோனரும் அவருடைய குழுவினரும் நாய்களின் இதயத் தமனியைச் சிறிது நேரம் அடைத்துப் பின்னர் திறந்தனர். ஒளிரும் சாயம் ஒன்றை இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர். 40 நிமிட அடைப்புக்குப் பிறகு சாயம் தசையெங்கும் பரவியது. 90 நிமிட அடைப்புக்குப் பிறகோ, தசையின் உட்பக்கத்தில் சில இடங்களைச் சாயம் எட்டவே இல்லை.

இம்முறையில் ஒரு குறை உண்டு. சாயத்தைக் காண இதயத்தை வெளியே எடுக்க வேண்டும். எனவே, ஒரு விலங்கில் ஒரு நேரத்து நிலையை மட்டுமே அறியலாம்.

இங்குதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. வலிமைமிக்க காந்தமும் வானொலி அலைகளும் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிலிருந்து சமிக்ஞையைப் பெற உதவுகின்றன. அதைக் கணினி படமாக்குகிறது. இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால், படம் மங்காமலிருக்க இ.சி.ஜி. துடிப்போடு இணைத்துப் படம் எடுப்பார்கள். சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிப்பதால் அங்கு வேலை இன்னும் கடினம்.

பிறகு கேடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். சேதமடைந்த தசையில் அது தேங்கி வெண்மையாகத் தெரியும். நுண்குழாய்கள் அடைபட்ட இடத்திற்குள் மருந்து எளிதில் நுழையாது. ஆகவே, வெண்மையின் நடுவே ஒரு கருந்திட்டு தெரியும். அந்தக் கருமையே ஆய்வாளர்கள் தேடும் தடயம்.

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே நாய்களை மீண்டும் மீண்டும் படம் எடுத்தனர். தமனி திறந்த 2ஆம் மணி நேரத்திற்கும் 48ஆம் மணி நேரத்திற்கும் இடையில் கருந்திட்டு ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதாவது, தமனியைத் திறந்ததும் சேதம் நின்றுவிடுவதில்லை. அந்த இடைவெளியில் சிகிச்சை அளித்துத் தசையைக் காக்க முடியுமா என்பதே இன்றைய ஆய்வாளர்களின் தேடல்.

ஒரே விலங்கைத் தொடர்ந்து கவனிக்க முடிவதால், ஆய்வுக்குத் தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கையும் குறைகிறது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் வகுத்த 'மாற்று, குறைப்பு, மேம்பாடு' என்ற நெறியில் இது 'குறைப்பு' ஆகும்.

சிந்தியுங்கள்: நாயின் இதயத்தில் தமனிகளை இணைக்கும் மாற்றுப் பாதைகள் அதிகம், பன்றியின் இதயத்தில் மிகக் குறைவு. மாரடைப்பின் சேதம் எந்த விலங்கில் அதிகமாக இருக்கும்? ஏன்?