குதிரையின் சளியும் ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பும்

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்குப் புதியதன்று. பல ஊர்ப் புரவிகள் ஒரே திடலில் சில நாள்கள் நிற்கும் இடம் அது. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை பாடிற்று. அவற்றின் மூக்குச் சளியைப் பாட எப்புலவருக்கும் மனம் வராது. ஆயினும் வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது அதனையே.

சளி ஒழுகப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இரண்டைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒன்று ஸ்டிராங்கிள்ஸ்: தாடையின் கீழ் நெறிகட்டிச் சீழ் பிடிக்கும், பெரும்பாலான குதிரைகள் பிழைத்துக்கொள்ளும். மற்றொன்று கிளாண்டர்ஸ்: மனிதரையும் பற்றுவது; உறுதியானால் குதிரையைக் கொல்ல வேண்டும். 1899ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெனவே இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஓர் ஏழையின் பிழைப்பு இத்தீர்ப்பில் அடங்கியிருத்தலால், கண்ணால் கண்டு மட்டும் முடிவுரைத்தல் தகாது.

ஸ்டிராங்கிள்ஸ் ஐயத்தில், கட்டியின் சீழையோ மூக்கைக் கழுவிய நீரையோ குருதி கலந்த அகார்த் தட்டில் வளர்க்கின்றனர். ஸ்டிரெப்டோகாக்கஸ் ஈக்வை தன்னைச் சுற்றிக் குருதியைக் கரைத்துத் தெளிந்த வளையம் தோற்றுவிக்கும். ஆனால் நலமுள்ள குதிரையிலும் வாழும் அதன் நெருங்கிய உறவும் அவ்வாறே செய்யும்! ஆகவே சர்க்கரைச் சோதனை தேவையாகிறது: உறவுக் கிருமி லாக்டோஸையும் சார்பிட்டாலையும் புளிக்கச் செய்யும், ஈக்வை செய்யாது. பி.சி.ஆர். முறை அதன் மரபணுவையே தேடிக் கண்டு, சில மணி நேரத்தில் விடை தரும். எனினும் மூக்கு மட்டும் போதாது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயில் குதிரைக்குக் காற்றுப்பைகள் உள. நோய் நீங்கியதாகத் தோன்றும் குதிரையிலும் கிருமி அங்கே மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அப்பைகளைக் கழுவிச் சோதித்தாலன்றி மறைநோய்க் குதிரை அகப்படாது.

கிளாண்டர்ஸ் கிருமியை வளர்ப்பதே ஆபத்து. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் ஆய்வுக்கூடத்திலேயே அந்நோய்க்கு ஆளானார். தானியங்கிக் கருவியோ முதலில் அதனை வேறொரு கிருமியெனப் பிழையாகக் காட்டிற்று. எனவே இங்கே சீரத்தில் எதிர்ப்பொருளைத் தேடுதலே பெருவழக்கு. ஹிசாரில் 1985இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் எலிசா முறையையும், நிரப்பி நிலைப்படுத்தும் சோதனையையும் கையாண்டு முடிவை உறுதிசெய்கிறது. கண்ணிமையில் மாலின் செலுத்தி வீக்கம் நோக்கும் பழைய முறையும் உண்டு.

நாமக்கல்லில் அதே 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நம் சமவெளிக்கு அருகிலுள்ளது. ஐயமுள்ள குதிரைக்கு மருத்துவரைக் கொண்டே மாதிரி எடுக்கச் செய்க. மருந்தூசி போட்டபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராதொழியலாம். முடிவு வரும்வரை அக்குதிரைக்குத் தொட்டியும் வாளியும் தேய்க்கும் துணியும் தனியே இருத்தல் வேண்டும்.