சட்டம் எதைத் தடுக்கிறது?
பாலின விகிதப் பாடத்தை விவாத வகுப்பாக்கும் ஒரு முயற்சி

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மக்கள்தொகை பற்றி நடத்தும்போது பாலின விகிதம் என்ற சொல் வந்தே தீரும். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று வரையறையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளாக ஓர் அரசியல் விவாதம் நடந்துவருகிறது. அதை மாணவர்களிடம் கொண்டுபோக நான் பின்பற்றும் வழியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எண்கள்

இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பாலின விகிதம் 1961இல் 976. அது 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 918 என்று குறைந்துகொண்டே வந்தது. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இதை ஆயிரத்துக்கு மாற்றச் சொன்னால் மாணவர்களே ஏறத்தாழ 950 என்று கணக்கிட்டுவிடுவார்கள்.

எண் ஏன் குறைந்தது என்று கேட்டால், வறுமை, படிப்பின்மை என்று உடனே பதில் வரும். அப்போது 2001ஆம் ஆண்டின் இன்னும் இரண்டு எண்களை எழுதுவேன். தமிழ்நாடு 942, பஞ்சாப் 798. பஞ்சாப் வசதியான மாநிலம். வசதி கூடும்போது ஸ்கேன் எடுக்கப் பணமும் கைக்கு வருகிறது என்பதை அவர்களாகவே சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை.

மூன்று சொற்கள்

அடுத்து மூன்று சொற்களைத் தனித்தனியாக எழுதுவேன். பெண் சிசுக்கொலை, பாலினம் கண்டறிதல், கருக்கலைப்பு. இவை மூன்றும் ஒன்றே என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான்.

பிறந்த குழந்தையைக் கொல்வது சிசுக்கொலை. அது எப்போதுமே கொலைக்குற்றம். 1980களில் உசிலம்பட்டி பற்றிய செய்திகள் நாட்டையே உலுக்கின. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியதன் பின்னணியும் இதுவே.

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது வேறொரு குற்றம். அதைத் தடுப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். 1996இல் நடைமுறைக்கு வந்தது. கருத்தரிப்பதற்கு முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதையும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தடைக்குள் கொண்டுவந்தது. ஸ்கேன் மையங்களில் மாணவர்கள் பார்க்கும் அறிவிப்புப் பலகை இச்சட்டப்படி வைக்கப்படுவது.

கருக்கலைப்பு இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காரணங்களுக்காக, தகுதிபெற்ற மருத்துவரிடம் செய்துகொள்ள அனுமதி உண்டு. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில பிரிவுப் பெண்களுக்கு 20 வாரம் என்ற எல்லையை 24 வாரமாக உயர்த்தியது.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ கருக்கலைப்பு பண்ணிக்கிட்டா ஜெயில் இல்லையா சார்?” இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தராமல் வகுப்பை முடிக்கக் கூடாது. சட்டம் பூட்டுப் போடுவது பாலினம் அறிவதற்கு. சட்டப்படியான எல்லாக் கருக்கலைப்பும் குற்றம் என்று தவறாக நம்பும் பெண், தேவைப்படும் நாளில் மருத்துவமனைக்குப் போகப் பயந்து பயிற்சியற்றவரிடம் போவாள். அது உயிருக்கே ஆபத்து. “பெண் கருக்கொலை” என்ற சொல்லைத் தவிர்த்து, “பாலினத் தேர்வுக் கருக்கலைப்பு” என்று நான் எழுதுவது இதனால்தான்.

விவாதத்தின் நான்கு தரப்புகள்

மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தரப்பைக் கொடுக்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுப்பேன். தனக்குப் பிடிக்காத தரப்புக்காகவும் பேசக் கற்பதே இதன் பயன்.

முதல் தரப்பு, தடை கேட்டுப் போராடியவர்கள். 1970களின் நடுவில் பனிக்குட நீர்ப் பரிசோதனை இந்தியாவுக்கு வந்தது. பாலினம் அறிய அதைப் பயன்படுத்துவதை அரசு மருத்துவமனைகளில் தடுத்ததும், தனியார் மையங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. மும்பையில் பெண்கள் அமைப்புகள் போராடியதன் விளைவாக 1988இல் மகாராஷ்டிரம் முதல் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் மத்தியச் சட்டம் சரியாகச் செயல்படவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடப்பட்டது.

இரண்டாவது தரப்பு, மருத்துவர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஏற்படும் எழுத்துப் பிழைக்கும் பாலினம் சொன்ன குற்றத்துக்கும் ஒரே தண்டனையா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. மூடிய அறைக்குள் நடக்கும் குற்றத்தை வெளிக்கொண்டுவர அந்தப் பதிவேடுதான் முக்கிய ஆதாரம் என்ற அடிப்படையில் 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

மூன்றாவது தரப்பு, பெண்ணின் உரிமை பற்றிக் கவலைப்படுபவர்கள். இவர்களும் பாலினத் தேர்வை எதிர்க்கிறார்கள். ஆனால் சோதனை என்ற பெயரில் சட்டப்படியான கருக்கலைப்பும் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். கருவுற்ற பெண் குடும்பத்தாரின் வற்புறுத்தலால்தான் பரிசோதனைக்கு வந்தாள், மாறாக நிரூபிக்கப்படும்வரை நீதிமன்றம் அப்படியே கருத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதை மாணவிகள் கவனமாகக் குறித்துக்கொள்வார்கள்.

நான்காவது தரப்பு, தடையைத் தலைகீழாக மாற்றச் சொன்னவர்கள். 2016இல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, கருவின் பாலினத்தைக் கட்டாயமாகப் பதிவுசெய்து, பிரசவம் வரை கண்காணிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஸ்கேன் கருவியைக் கண்காணிப்பதா, கருவுற்ற பெண்ணைக் கண்காணிப்பதா? வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

தென்கொரியாவின் அனுபவம்

விவாதம் சூடு பிடித்த பிறகு தென்கொரியாவைப் பற்றிச் சொல்வேன். அங்கே 1987இலேயே பாலினம் சொல்லத் தடை வந்தது. ஆனாலும் 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116க்கும் மேற்பட்ட ஆண் குழந்தைகள் பிறந்தன. 2007 வாக்கில் விகிதம் இயல்புக்குத் திரும்பியது. ஆணே குடும்பத் தலைவர் என்ற பதிவுமுறை 2008இல் முடிவுக்கு வந்தது. பாலினம் சொல்வதற்கு மிச்சமிருந்த கட்டுப்பாட்டையும் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2024இல் நீக்கியது. மாற்றியது சட்டமா, பெண்களின் கல்வியும் வேலையுமா? ஒரே விடை இல்லாத கேள்வியும் நம் மாணவர்களுக்குத் தேவை.

கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டில் எத்தனை பெண்கள், எத்தனை பையன்கள் என்று இந்த வகுப்பில் கேட்கவே கூடாது. தான் பிறந்தபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று கேட்டு வளர்ந்த பிள்ளை நம் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பிறந்த பெண்ணுக்குப் “போதும்பொண்ணு” என்று பெயர் வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அந்தப் பெயரைத் தினமும் வருகைப் பதிவேட்டில் வாசிப்பவர்கள் நாம். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதற்காகத் தனிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்பிள்ளைக்குப் பிடித்த பெயரைக் கேட்டறிந்து அப்படிக் கூப்பிட்டாலே போதும்.

மதிப்பீடு

பாடத்தின் இறுதியில், சட்டத்தால் எது முடியும், எது முடியாது என்று பத்து வரிகள் எழுதச் சொல்கிறேன். ஒரு மாணவியின் தாளில் இப்படி இருந்தது: “டாக்டர் வாயைச் சட்டம் மூடலாம். பேரன்தான் வேணும்னு சொல்ற பாட்டி வாயை யார் மூடுவது?”

இந்தக் கேள்வியிலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்கலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. மகள் வீட்டுக்குச் செலவு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது, அதை எந்தச் சட்டம் தொடுகிறது என்று தேடிவரச் சொல்லுங்கள். விடையோடு வருவார்கள்.