நலம் நாடும் நட்பு

முகம் கண்டு பழகினாலன்றி நட்புத் தோன்றாது என்பர் சிலர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உயிர்நண்பர் ஆயினர். சோழன் வடக்கிருந்தபோது புலவர் தேடி வந்து உடன் உயிர்நீத்ததைப் புறநானூறு கூறுகின்றது.

அத்தகைய காணா நட்புக்கு இந்நாளில் கைப்பேசி வழிவகுத்துள்ளது. பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகள் பல உள்ளன. அவற்றில் பெண்கள் பெருந்தொகையினராய்ப் பணிபுரிகின்றனர். நாள்முழுதும் தையற்பொறியின்முன் உழைத்து வீடு திரும்பும் ஒருத்தி, தான் நேரில் கண்டிராத தோழியரிடம் தன் முதுகுவலியைக் கைப்பேசி வழியே கூறுகிறாள் எனக் கொள்வோம். இடையிடையே எழுந்து நடக்குமாறு ஒருத்தி சொல்கிறாள். விடியற்காலைச் சமையலை விரைந்து முடிக்க ஒரு வழி சொல்கிறாள் இன்னொருத்தி. “எனக்கும் அப்படித்தான் இருந்தது, அக்கா” என்கிறாள் மற்றொருத்தி. இச்சொல்லில் மருந்து ஒன்றும் இல்லை. ஆயினும் கேட்டவளுடைய மனச்சுமை பாதி குறைகின்றது. ஒத்த துன்பம் உற்றவர் கூறும் ஆறுதலுக்கு அத்துணை ஆற்றல் உண்டு.

ஆயினும், ஆறுதல் கூறுதல் வேறு, நோயறிதல் வேறு. அப்பெண்ணே மற்றொரு நாள், தன் கையில் வெளிறிய தேமல் ஒன்று தோன்றியிருப்பதாகவும், அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி இல்லை எனவும் கூறுகிறாள். “வலி இல்லையே, அக்கா, கவலை வேண்டா” எனத் தோழி ஒருத்தி தேற்றுகிறாள். அச்சொல் அன்பிற் பிறந்ததே. எனினும் தீங்கு தரவல்லது. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம் அன்றோ? வலியின்மையே அந்நோயின் கொடுமை.

இவ்வுண்மையை விளக்கியவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவ்வாங்கிலேயர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழும் என மக்கள் நம்பியிருந்தனர். சூட்டையும் காயத்தையும் உணராமையாலேயே அவை சிதைகின்றன என அவர் ஆராய்ந்து காட்டினார். வலி செய்யவேண்டிய காவலைக் கண் செய்தல் வேண்டும். எனவே, அந்நோயாளர் நாள்தோறும் தம் கைகால்களை உற்றுநோக்க வேண்டும். தம் உள்ளங்காலைக் காண இயலாதவர்க்கு உடனிருப்போர் பார்த்துச் சொல்ல வேண்டும். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தோன்றியது. உணர்விழந்த பாதங்களைக் காக்கும் மெத்தென்ற ரப்பர்க் காலணிகள் அங்கே செய்யப்பட்டன.

தொழுநோய் இன்று முற்றும் தீரக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது. நோயின் வகைக்கேற்ப 6 திங்களோ 12 திங்களோ அதனை உட்கொள்ளல் வேண்டும். தொடக்கத்திலேயே மருந்துண்டால் ஊனம் நேராமல் தடுக்கலாம். “கவலை வேண்டா” என்ற சொல்லை நம்பிக் காலங்கடத்தினால், இழந்த விரல் மீளாது.

திருவள்ளுவர் ‘நட்பு’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘நட்பாராய்தல்’ என்னும் அதிகாரத்தை வைத்தார். நட்பை ஆராய்வது போலவே நண்பர் கூறும் மருந்தையும் ஆராய்தல் நன்று. மாணவர்களே! உங்கள் நண்பர் ஒருவர் தம் நோயைக் கூறினால், முதலில் பொறுமையோடு செவிசாய்த்து ஆறுதல் கூறுங்கள். பின்னர், “மருத்துவரைக் கண்டாயா?” என வினவுங்கள். ‘இல்லை’ என்று விடை வருமாயின், அவர் காணும்வரை மீண்டும் மீண்டும் வினவுங்கள். நண்பர் உணராத காயத்தையும் கண்டு சொல்வதே நலம் நாடும் நட்பாகும்.